பாவாயக்கா வீட்டு முன்னால் விழுந்த அடி

தலையாட்டிக் கேட்க வேண்டியதில்லை; இடையிடையே ஒரு ‘ம்’ போட்டால் போதும். ‘அப்படியா?’ என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் கதை இன்னொரு முழம் வளர்ந்துவிடும். குழந்தைவேல் விஷயத்தில் ஊஞ்சக்காட்டு வலசுக்காரர்கள் செய்த தப்பு அதுதான்.

குழந்தைவேல் அந்த ஊர்க்காரன் இல்லை. ரோடு உடைக்க வந்தவன். ரோடு போட வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவன் இருக்கிற ரோட்டை இருந்த இடத்திலேயே வைத்து நொறுக்க வந்தவன். அதற்கும் ஒரு காரணம் இருந்தது.

ஊஞ்சக்காட்டு வலசின் நடுவே போவது காங்கிரீட் ரோடு. போட்ட புதிதில் அதில் சோற்றைக் கொட்டித் தின்னலாம் என்று பேர். பிறகு நெல் லாரியும் நூல் லாரியும் ஓடி ஓடி, ஒவ்வொரு காங்கிரீட் பலகையும் ஓரம் பேர்ந்து, நடுவில் வெடித்து, பஸ்ஸில் ஏறும்போது வாயில் போட்ட வெற்றிலை இறங்கும்போது மெல்லாமலேயே அரைபட்டிருக்கும் என்கிற நிலைக்கு வந்துவிட்டது. மேலே இரண்டு தடவை தார் போட்டுப் பார்த்தார்கள். கீழே காங்கிரீட் எந்தெந்தக் கோட்டில் வெடித்திருந்ததோ, அதே கோடு கொஞ்ச நாளில் தாரிலும் எழும்பி வந்து நின்றது, துவைத்த வேட்டியில் பழைய கறை தெரிகிற மாதிரி. அடியில் பெரிய பெரிய பலகையாகக் கிடந்து ஆடுகிற வரைக்கும் மேலே எதைப் போட்டாலும் கிழியத்தான் செய்யும். ஆகவே இந்தத் தடவை புது யோசனை. பழைய காங்கிரீட்டைத் தோண்டி எடுக்கவும் வேண்டாம், லாரியில் அள்ளிக்கொண்டு போய் எங்கேயோ கொட்டவும் வேண்டாம். கிடக்கிற இடத்திலேயே அடித்துச் சல்லி சல்லியாக்கி, ரோலர் விட்டு அழுத்தி, அதையே அடித்தளமாக்கி மேலே தார் போட்டுவிடுவது.

அடிக்கிறதற்கு ஒரு வண்டி வந்திருந்தது. பின்பக்கம் வரிசையாகச் சம்மட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு எருமை கனம். தூக்கும், போடும். தூக்கும், போடும். ஊரில் அதற்கு இடிவண்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்த இடிவண்டியின் சீட்டில்தான் குழந்தைவேல் உட்கார்ந்திருந்தான்.

அந்தச் சீட்டுக்கு அவன் வந்த கதை சின்னதுதான். அதற்கு முன்னால் பல வருஷம் ரோலர் ஓட்டினான். ரோலர் ஓட்டுவதில் அவனுக்கு இருந்த ஒரே குறை, அது மனுஷன் நடப்பதைவிட மெதுவாகப் போகும் என்பது. ரோலர் டிரைவர் ஒரு கதையை ஆரம்பித்தால், கேட்கிறவன் பாதியிலேயே நடந்து முன்னால் போய்விடுவான். இடிவண்டி அப்படியில்லை. அது வந்து நின்றாலே ஊர் கூடும். கூடுகிற ஊருக்குச் சொல்ல குழந்தைவேலிடம் எப்போதும் விஷயம் இருந்தது. காண்டிராக்டர் முதலாளி இந்தச் சீட்டைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “ஒரு பலகையை உடைக்காம விட்டுட்டுப் போனாலும், மறுபடி ரோலர்தான்.”

அன்றைக்குக் காலையில் பஸ் ஸ்டாப்பில் தொடங்கி மேற்கே உடைத்துக்கொண்டே வந்தான். நன்றாகத்தான் போனது. பாவாயக்கா வீட்டு முன்னால் வந்ததும் வண்டி நின்றது. வண்டிக்குக் கோளாறு ஒன்றுமில்லை. ரோட்டின் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் பாவாயக்கா, மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை.

“அக்கா, கொஞ்சம் எந்திரிங்க” என்றான் சூப்பர்வைசர் திருமாறன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், படித்தவன், யாரிடமும் குரல் உயர்த்தத் தெரியாதவன்.

“எதுக்குங்க தம்பி?”

“இந்த எடத்துல உடைக்கணும்.”

“உடைங்க. என்ற வீட்டு முன்னால வேண்டாம். அந்தா, அந்த வேலியோரம் தெரியுது பாருங்க, அதுதான் என்ற போர்க்கெணறு. இந்த வீதியில தண்ணி வத்தாத போர் அது ஒண்ணுதான். உங்க வண்டி போடற போடுல உள்ளார மண்ணு சரிஞ்சு தூந்துபோச்சுன்னா, வீதிக்கே நீங்களா தண்ணி சொமந்து ஊத்துவீங்க?”

திருமாறன் பூமி அதிர்வைப் பற்றி, அது எவ்வளவு தூரம் போகும் எவ்வளவு தூரம் போகாது என்பதைப் பற்றி, மெல்லிய குரலில் அழகாக விளக்கினான். பாவாயக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டே ஒரு கொத்துக் கீரையை உருவி முடித்தாள். “நல்லாச் சொன்னீங்க சாமி” என்றாள். அசையவில்லை.

திருமாறன் போனில் பேசிவிட்டு வந்து குழந்தைவேலிடம் சொன்னான்: “தார்க் கலவை மத்தியானம் வந்துரும்ணே. அதுக்குள்ள இந்த ரெண்டு பலகையை உடைச்சு ரோலர் விட்டாகணும். விட்டுட்டுப் போனா இந்த எடத்துல மட்டும் மறுபடி வெடிக்கும். முதலாளி கேட்டா உங்களைத்தான் கேப்பாரு.”

குழந்தைவேல் சீட்டிலிருந்து இறங்கினான். துண்டை உதறித் தோளில் போட்டான். “நான் பேசறேன்.”

“வேண்டாம்ணே” என்றான் திருமாறன். குழந்தைவேல் ‘பேசறேன்’ என்று சொன்ன முந்தைய சமயங்கள் எல்லாம் அவன் முகத்தில் வரிசையாக வந்து போயின.

ஆனால் அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. தறி ஷெட்டில் மின்சாரம் போயிருந்த நேரம், ஆட்களுக்கு வேலையில்லை. கூட்டத்தின் முன்னால் சென்னியப்பன் நின்றிருந்தார். பாவாயக்கா வீட்டுக்குக் கிழக்கே சற்றுத் தள்ளி வீடு. சொந்தமாக ரெண்டு தறி. எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. வானொலியில் மழை என்று சொன்னால் வெளியே கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் ‘ஆமாம்’ என்பார்.

கூட்டத்தைப் பார்த்ததும் குழந்தைவேலுக்குத் தான் என்ன வேலையாக இறங்கினோம் என்பது பாதி மறந்துபோனது.

“அக்கா, இந்த அடிக்கேவா பயப்படறீங்க? இது நான் வெளையாட்டுக்கு அடிக்கறதுங்க. தருமபுரிப் பக்கம் ஒரு ரோட்டுல அடிச்சேன் பாருங்க, அது அடி. ஒரே ஒரு போடு. போட்டதும் பலகையில ஒரு விரிசல் கெளம்புச்சு. கெளம்பி அடுத்த பலகைக்குப் போச்சு. அங்கிருந்து அதுக்கடுத்த பலகைக்குப் போச்சு. நான் பாத்துட்டே இருக்கறேன், அது பாட்டுக்கு ஓடுது. செரி, எங்கதான் போகுதுன்னு பாத்துருவோம்னு ஒரு ஆளோட பைக்கை வாங்கிட்டுத் தொரத்தறேன், புடிக்க முடியலைங்க.”

“விரிசலையா?” என்றார் சென்னியப்பன்.

“விரிசலைத்தானுங்க. ஸ்பீடு பிரேக்கர் வந்த எடத்துல மட்டும் சித்த மெதுவாச்சு. அப்ப கிட்டக்கப் போயிட்டேன். மறுபடி நேர் ரோடு வந்ததும் எடுத்துச்சு பாருங்க ஓட்டம். டோல்கேட்டுக்காரன் பாத்துட்டு அவசரமாக் கட்டையை எறக்கறான். அது கட்டைக்குக் கீழால பூந்து போயிருச்சு. நான்தான் கட்டைக்கு இந்தப் பக்கம் நிக்கறேன்.”

“கடசில எங்கதான் நின்னுச்சு?”

“நாலு ஊர் தாண்டி வேற காண்டிராக்டரோட போர்டு ஒண்ணு நட்டு வச்சிருந்தாங்க. அந்தப் போர்டுக்கு இந்தப் பக்கமே டக்குனு நின்னுருச்சுங்க. அவன் வேலையில நாம தலையிடக் கூடாதில்லீங்களா?”

“விரிசலுக்குப் படிக்கத் தெரியுமாப்பா?”

“படிக்கத் தெரியாதுங்ணா. நம்மகிட்ட இருந்து போன விரிசல், அந்த மரியாதை தெரியும்.”

கூட்டம் சிரித்தது. குழந்தைவேல் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு பாவாயக்காவைப் பார்த்தான். பாவாயக்கா சிரிக்கவில்லை. எழுந்தாள். எழுந்தாளே என்று குழந்தைவேல் மலர்வதற்குள், நாற்காலியைத் தூக்கிப் பலகையின் சரியான நடுமையத்தில் போட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

“நாலு ஊர் தாண்டி ஓடுமா? என்ற போர் பத்தடி தூரத்துல இருக்குது. நல்லவேளை நீயே சொன்னே கண்ணு. இந்தத் தம்பி ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு என்னைய ஏமாத்தப் பாத்துச்சு.”

திருமாறன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

பேச்சை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அப்போதுதான் குழந்தைவேலுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் தன் அடியின் பலத்தைத்தான் சொல்லிப் பழக்கம். பலத்தைக் கேட்டு வாய் பிளக்கிறவர்கள் தூரத்தில் இருக்கிறவர்கள். அடி விழுகிற இடத்தில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு வேறு கதை வேண்டும். அதனால் என்ன, கதைக்கா பஞ்சம்? வண்டியைப் பின்கியரில் போடுகிற லாவகத்தோடு வாயைத் திருப்பினான்.

“முழுசாக் கேளுங்கக்கா. அது ஆளில்லாத காட்டு ரோடு, அதனால வெச்சு வாங்குனேன். ஊருக்குள்ள வந்துட்டா என்ற கை வேற கை. பவானிக்குத் தெக்கால ஒரு ஊர்ல ரோட்டோரத்துல ஒரு கோழி அடைக்கு உக்காந்திருந்துச்சுங்க. சரியா ரெண்டு பலகை சேர்ற சந்துல. ஊர்க்காரங்க கோழியைத் தூக்கறோம்னாங்க. நான் விடலை. அடைக்கோழியை எழுப்பலாமா? அது உக்காந்திருக்க, சுத்தியும் அடிச்சேன். அதுக்கு அடியில இருக்கற பலகையையும் அடிச்சேன். பலகை தூள். ஒரு முட்டை கீறல் விடலை.”

“கோழி?” என்றார் சென்னியப்பன்.

“கோழி தூங்கிட்டிருந்துச்சுங்க. சொல்றதை முழுசாக் கேளுங்க. முட்டைக்குள்ள இருந்த குஞ்சுக, டொக்கு டொக்குனு கேட்டதும், அம்மாதான் வெளியில இருந்து கொத்திக் கூப்புடறான்னு நெனச்சுட்டு, நேரம் வர்றதுக்கு முன்னாலயே ஓட்டை ஒடச்சுட்டு வெளியில வந்துருச்சுக.”

“குஞ்சு என்ன நெனச்சுச்சுன்னு உனக்கு எப்புடித் தெரியும்?”

“வந்ததும் வராததுமா எல்லாக் குஞ்சும் நேரா வந்து என்ற வண்டிக்குப் பின்னாலயே நடந்துச்சுங்களே. ரோடு முடியற வரைக்கும் கூடவே. அந்தக் கோழிக்காரம்மா இன்னைக்கும் என்மேல வருத்தத்துல இருக்குது.”

சொல்லும்போதே குழந்தைவேலுக்கு அந்தக் குஞ்சுகள் மீது பாசம் வந்துவிட்டது. நிறுத்த மனம் வரவில்லை. அந்த ஊரிலேயே ஒரு கல்யாணம், பந்தலுக்கு எதிரிலேயே ரோடு. மேளக்காரனுக்கு அன்றைக்கென்று கையில் சுளுக்கு. தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளத்துக்கு ஆளில்லாமல் பெண் வீட்டார் தவித்தபோது, குழந்தைவேல் சம்மட்டிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் போட்டு முழுக் கெட்டிமேளம் வாசித்துக் கொடுத்தான். தாலி ஏறியது, அதே நேரத்தில் பந்தல் எதிரில் மொத்த ரோடும் உடைந்து முடிந்தது. மாப்பிள்ளை கையில் வைத்திருந்த பாலில் ஆடைகூடக் கலையவில்லை.

“தாலி கட்டறப்ப மாப்பிள்ளை கையில எதுக்குய்யா பாலு?” என்று கூட்டத்தில் ஒரு குரல்.

“அவங்க வழக்கம் அது. அதை எதுக்கு நாம கேட்டுட்டு?”

பாவாயக்கா இப்போது சிரித்தாள். ஆனால் நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. “கோழி முட்டை மேல இருக்குது கண்ணு. என்ற தண்ணி பூமிக்குள்ளார இருக்குது. மேல நீ பூவாட்டம் அடிச்சாலும் கீழ என்ன ஆகுதுன்னு யாரு கண்டா?”

தண்ணீர்தானா பிரச்சினை என்று குழந்தைவேலுக்குப் பிடி கிடைத்தது. இவ்வளவு நேரம் கோழியையும் கல்யாணத்தையும் வீணாக்கிவிட்டோமே என்றுகூட ஒரு கணம் வருத்தமாக இருந்தது.

“அட, கீழ என்ன ஆகுதுன்னு கேக்கறீங்களா? கேளுங்கக்கா. என்ற அடிக்குத் தண்ணி ஏறுமே ஒழிய எறங்காது. கரட்டுப்பாளையம்னு ஒரு ஊரு. ஊர்ல ஒரு போர்ல சொட்டுத் தண்ணி கெடையாது. எல்லாம் மூடி போட்டுக் கட்டி, மேல கோலம் போட்டு வச்சிருக்கறாங்க. நான் போயி ஒரே போடு. பூமிக்குள்ளார பாறை எங்கயோ சந்து விட்டிருக்குது, கொடகொடன்னு ஒரு சத்தம். மொதல்ல வடக்கு வீதியில ஒரு போர் மூடியைத் தூக்கி எறிஞ்சுச்சு. அப்பறம் தெக்கு வீதி. அப்பறம் பாருங்க, வரிசையா ஊர் பூராவும் புஸ்ஸு புஸ்ஸுனு தண்ணி. ஒரு போர் மூடி மேல வெள்ளாடு ஒண்ணு படுத்திருந்துச்சு. அதை அப்படியே தண்ணி தூக்கிட்டுப் போயி மாடி உசரத்துல நிறுத்திருச்சு. எறங்கத் தெரியாம அது அங்கயே நிக்குது. ஆட்டுக்காரன் தெனமும் மொட்டை மாடியில ஏறி நின்னு தழை நீட்டறான். தண்ணி அடங்கி ஆடு கீழ வர்றதுக்குள்ள மேலயே ரெண்டு குட்டி போட்டுருச்சுங்க.”

சொல்லி முடித்துவிட்டு, வழக்கம்போல, சென்னியப்பனின் கேள்விக்காகக் காத்திருந்தான். ஆடு அந்தரத்தில் என்ன தண்ணீர் குடித்தது என்று கேட்டால் சொல்ல ஒரு பதில்கூடத் தயார்.

சென்னியப்பன் கேட்கவில்லை. அவர் முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது. அவர் வீட்டுப் போர் வற்றி ரெண்டு கோடை ஆகிறது. அன்றிலிருந்து தினமும் காலையில் குடத்தோடு பாவாயக்கா வேலியோரம் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. பாவாயக்கா ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் ஒரு நாளும் ஒரு குத்தல் வார்த்தை சொல்லாமல் விட்டதுமில்லை.

“எத்தனை அடி ஆழத்துப் போர் அது?” என்றார் சென்னியப்பன், தணிந்த குரலில்.

“எதுங்ணா?”

“அந்தக் கரட்டுப்பாளையத்துல. ரோட்டுக்கும் போருக்கும் எவ்வளவு தூரம்?”

கதையை நம்பாதவர்களைக் குழந்தைவேலுக்குத் தெரியும். சிரிக்கிறவர்களைத் தெரியும். அளவு கேட்கிறவரை இதுவரை பார்த்ததில்லை.

“அது… ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரிங்ணா.”

“காலையில என்ற வீட்டு முன்னால அடிச்சியே, ஏன் தண்ணி வரலை?”

“அது…”

“நீ வெளையாட்டுக்கு அடிச்சிருக்கறே. நீயே சொன்னீல்ல, இப்ப அடிக்கறது எல்லாம் வெளையாட்டுக்குன்னு? வண்டியைத் திருப்பு. என்ற வீட்டு முன்னால வந்து நெசமா ஒரு போடு போடு.”

“சார், அங்க ஏற்கெனவே சரியா உடைஞ்சிருக்கு” என்று திருமாறன் குறுக்கே வந்தான். “மறுபடி அடிச்சா மாவாயிரும். மாவு மேல ரோடு நிக்காது.”

“ரோடு கெடக்குது தம்பி, தண்ணி வேண்டாமா?”

கூட்டத்தில் வற்றிய போர் வைத்திருந்தவர்கள் சென்னியப்பன் மட்டுமில்லை. “அப்படியே எங்க வீட்டு முன்னாலயும்” என்று ஒரு குரல். “பள்ளிக்கூடத்துப் போரையும் பாத்துட்டுப் போகச் சொல்லுங்க” என்று இன்னொன்று. ரெண்டு பேர் ஓடிப்போய்த் தங்கள் வீட்டு வாசலுக்கு நேரே நொறுங்கிக் கிடந்த சல்லியின் மேல் நின்றுகொண்டு, இங்கே அடிக்கிற வரைக்கும் ரோலரை விடமாட்டோம் என்றார்கள். ரோலர் ஓட்டுகிறவன் வண்டியை நிறுத்திவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தான்.

பாவாயக்கா முறத்தைத் தரையில் வைத்தாள். “ஏப்பா சென்னியப்பா, உன்ற போர்ல தண்ணி ஏறுதுன்னா அது எங்கிருந்து ஏறும்? ஆகாசத்துல இருந்தா? பக்கத்துல இருக்கற ஒரே தண்ணி என்ற தண்ணி. அதை இவனை விட்டு உன்ற பக்கம் தள்ளப் பாக்கறயா?”

“பூமிக்குள்ளார இருக்கறது உன்ற தண்ணி என்ற தண்ணின்னு எழுதியா வச்சிருக்குது?”

“காலையில குடத்தைத் தூக்கிட்டு வர்றப்ப அது யாரு தண்ணின்னு தெரியுமல்ல?”

முன்னால் போகவிடாமல் ஒரு நாற்காலி. பின்னால் வரச்சொல்லி ஒரு ஊர். நடுவில் இடிவண்டி. திருமாறனுக்குப் போன் வந்தது, எடுத்துக் கேட்டுவிட்டு, கிட்டே வந்து காதோடு சொன்னான்: “கலவை லாரி கிளம்பிருச்சுண்ணே. அது சூடு ஆறினா கொட்டத்தான் வேணும். முதலாளியும் பின்னாலயே வர்றாராம்.”

குழந்தைவேல் ரோலரைப் பார்த்தான். ரோலரின் சீட்டு அவனைப் பார்த்தது. அந்தச் சீட்டில் அவனுடைய உருவத்துக்குப் பதிந்த குழி இன்னும் மேடாகவில்லை.

பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றை அப்போது செய்தான். இடிவண்டியின் படியில் ஏறி நின்று கையை உயர்த்தி, உண்மையைச் சொன்னான்.

“எல்லாரும் கேளுங்க. கரட்டுப்பாளையத்துல தண்ணி வரலை. ஆடும் மேல ஏறலை. கரட்டுப்பாளையம்னு ஒரு ஊரே நான் பாத்ததில்லை. இந்த வண்டி அடிச்சா மேல இருக்கற காங்கிரீட்டு உடையும். அவ்வளவுதான். பூமிக்குள்ளார தண்ணி வரவும் வராது, போகவும் போகாது. சாமி சத்தியமா இதுதான் நெசம்.”

சென்னியப்பன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“பாத்தீங்களா? மறைக்கறான். இவ்வளவு நேரம் நெசம் பேசிட்டு, நமக்குக் குடுக்கணும்னு வந்ததும் மனசு வரலை.”

“இல்லீங்ணா, சத்தியமா…”

“ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சுன்னு சொன்னான்யா. பொய் சொல்றவன் குட்டியை எண்ணியா சொல்லுவான்?”

கூட்டம் தலையாட்டியது. தன் கதைகளை இப்படி ஒரு கூட்டம் நம்ப வேண்டும் என்று எத்தனையோ ஊரில் ஏங்கியிருக்கிறான். அது கிடைத்த அன்றைக்கு அவனுக்கு அழுகை வந்தது.

அவனை நம்பியது ஒரே ஒரு ஆள். பாவாயக்கா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“காலையில இருந்து வாய் ஓயாமப் பேசுனே. இப்பத்தான் உருப்படியா ஒண்ணு பேசியிருக்கறே. போகவும் போகாதுன்னு சொன்னேல்ல? செரி. நான் போர் மூடி மேல கால வச்சுட்டு உக்காந்துக்கறேன். ஒரு அடி போடு. என்ற காலுக்கு ஆட்டம் தெரிஞ்சுதுன்னா கையத் தூக்குவேன். அத்தோட நிறுத்திட்டு வந்த வழியே போயிரோணும்.”

சென்னியப்பனும் அதற்குத் தடை சொல்லவில்லை. அவருக்கு வேறு கணக்கு. இந்தப் பக்கம் அடித்தால் தண்ணீர் தன் வீட்டுப் பக்கம்தானே போகும்? யாருக்கும் சொல்லாமல், மின்சாரம் வந்துவிட்டதா என்று பார்க்கிறவர் போல, வீட்டுக்குப் போய் மோட்டார் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். வாசலில் நின்ற ரெண்டு பேரும் தங்கள் தங்கள் மோட்டாருக்கு ஓடினார்கள்.

நாற்காலி வேலியோரம் போனது. பாவாயக்கா போர் மூடியின் மேல் ரெண்டு பாதத்தையும் வெறுங்காலாக ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டாள்.

“சம்மட்டியை ரொம்ப உயரத் தூக்காதீங்கண்ணே” என்றான் திருமாறன். “வீட்டோரம்னா கால்வாசி உயரம் போதும். நெருக்கி நெருக்கிப் போடுங்க. நேரம் ஆனாலும் உடைஞ்சிரும்.”

“தெரியுங்க தம்பி” என்றான் குழந்தைவேல். அது அவனுக்கு உண்மையிலேயே தெரியும். அவன் சொன்ன கதைகளில் எல்லாம் வராமல் போன ஒரே விஷயம் அதுதான்: மெதுவாக அடிப்பது. கதையில் மெதுவாக அடித்தால் யார் கேட்பார்கள்?

சம்மட்டி எழும்பியது, ஒரு முழத்துக்கும் குறைவாக. விழுந்தது. டொப். மறுபடி. டொப். டொப். பலகையின் மேல் மயிரிழை மாதிரிக் கோடுகள் ஓடின. ஓடி, அந்தப் பலகையின் ஓரத்திலேயே நின்றன. ஒன்றுகூட அடுத்த ஊருக்குக் கிளம்பவில்லை.

குழந்தைவேல் பாவாயக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை எழவில்லை. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. முதல் பலகை முடியப் போகிற நேரத்தில் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

“ஏங்கண்ணு, எப்ப அடிக்கப் போறே?”

“அடிச்சுட்டிருக்கறேனுங்கக்கா.”

“அடிக்கறயா?” பாவாயக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். போரைப் பார்த்தாள். பிறகு கூட்டத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “இதுதானா? இதுக்கா காலையில இருந்து கீரையை ரோட்டுல வச்சு உருவுனேன்? எங்க வீட்டுக்காரரு குறட்டை விட்டா இதைவிட எச்சா ஆடுமே!”

வீதியே சிரித்தது. சும்மா சிரிப்பில்லை; சிலர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “தூங்கற கோழி ஏன் எந்திரிக்கலைன்னு இப்பத்தான் தெரியுது” என்றான் ஒருவன். “விரிசலைத் தொரத்த பைக் வேணுமாப்பா?” என்றான் இன்னொருவன்.

குழந்தைவேலின் கைக்குள் லீவர் இருந்தது. ஒரே ஒரு இழுப்பு. சம்மட்டி உச்சி வரைக்கும் போகும். ஒரே ஒரு போடு. இந்த வீதியில் ஒருத்தரும் இனிமேல் சிரிக்க மாட்டார்கள். காது மடல் சூடாகிவிட்டது. கை தானாகவே லீவரை இறுக்கியது. கிழக்கே, பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில், கலவை லாரி திரும்புகிற புகை தெரிந்தது. அதற்குப் பின்னால் முதலாளியின் வெள்ளை ஜீப்.

கையைத் தளர்த்தினான். கால்வாசி உயரம். டொப். டொப். டொப். சிரிப்பு ஓய்கிற வரைக்கும் அடித்தான். ஓய்ந்த பிறகும் அடித்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. திருமாறன் அவனைக் கவலையோடு பார்த்து, உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டான்.

ரெண்டாவது பலகையும் சல்லியானது. ரோலர் ஏறி அழுத்தியது. முதலாளி ஜீப்பிலிருந்து இறங்கி, குனிந்து, ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடி வரைக்கும் பார்த்தார். “ம்” என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் யாருக்கும் கிடைத்ததில்லை. அதற்குள் மின்சாரமும் வந்திருந்தது; பாவாயக்கா மோட்டாரைப் போட்டுப் பார்த்தாள். தண்ணீர் காலையில் வந்த மாதிரியே வந்தது.

சீட்டு தப்பித்தது. தப்பித்த மூச்சோடு கூடவே வாயும் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் சென்னியப்பன் வந்தார். பின்னாலேயே அந்த ரெண்டு பேரும். “ஏப்பா, மோட்டாரைப் போட்டா வெறும் காத்துதான் வருது. தண்ணி எங்க?”

இல்லை என்று ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. யாரும் நம்பவில்லை. ஒரே தப்பை ரெண்டு தடவை செய்கிற ஆள் இல்லை குழந்தைவேல். துண்டை உதறித் தோளில் போட்டான்.

“அவசரப்படாதீங்ணா. காத்து வந்துச்சா? அப்ப தண்ணி கெளம்பிருச்சுன்னு அர்த்தம். தண்ணி வர்றதுக்கு முன்னால உள்ளார இருக்கற காத்து வழி விடோணுமில்ல? அக்கா பயப்படுதேன்னு அடியை மடக்கி மடக்கிப் போட்டேன், அதனால நடந்து வருது. வெச்சுப் போட்டிருந்தா ஓடி வந்திருக்கும். மேக்கால அந்தக் கரட்டுக்கு அடியில இருந்து பொறப்பட்டு இந்நேரம் பாதி வழிக்கு வந்திருக்கும். எத்தனை தண்ணிங்கறீங்க? இன்னைக்கோ நாளைக்கோ உங்க வீட்டுக்கு வந்துரும். நீங்க மோட்டாரை மட்டும் தயாரா வச்சிருங்க.”

சென்னியப்பன் மேற்கே தெரிந்த கரட்டுக் குன்றைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. மற்ற ரெண்டு பேரும் பார்த்தார்கள். குழந்தைவேலும், தான் சொன்னதுதானே என்று, ஒரு நம்பிக்கையோடு அந்தப் பக்கம் பார்த்தான்.

பாவாயக்கா உருவிய கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு வீட்டுப் படியேறினாள். உள்ளே போனவள், இடுப்பில் ஒரு பெரிய பித்தளை அண்டாவோடு திரும்பி வந்தாள். மேற்குப் பக்க வேலியோரம், கரட்டைப் பார்த்த மாதிரி, அதை ணங்கென்று வைத்தாள்.

“மேக்கால இருந்து வந்தா என்ற வீட்டைத் தாண்டித்தானே சென்னியப்பா உன்ற வீட்டுக்கு வரோணும்?” என்றாள். “வரட்டும். எனக்குப் போக மிச்சம் அனுப்பிவிடறேன். நீ வழக்கம்போல காலையில குடத்தை எடுத்துட்டு வந்துரு.”